ஏஞ்சல் மேஸ்திரி அடித்த தளம்

அந்தோணியின் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டையில் ஏறுகிறவர்கள், காஞ்சிபுரத்தில் இறங்குவதற்குள் அவன் தங்கை ஏஞ்சலைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டுதான் இறங்குவார்கள். வேறு வழியில்லை. வண்டியின் பின்பக்கம் கடுக்காய் ஊறிய தண்ணீர் கேன் இருக்கும். அதன் வாடை புளித்த கள்ளுக்கும் ஈரத் தோலுக்கும் நடுவில் ஒன்று. யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், அந்தோணி கண்ணாடியில் அவர்களைப் பார்த்தபடி தொடங்கிவிடுவான். அது நாற்றம் இல்லை, பழைய கட்டடங்களுக்குக் கொடுக்கிற மருந்து. அதைப் பக்குவம் பார்த்து ஊறவைக்கவும், வெல்லத்தோடு சேர்த்துச் சுண்ணாம்பில் கலக்கவும் தெரிந்தவள் தன் கூடப் பிறந்தவள். கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சித்தாள், இன்று கொத்தனார்களை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. இவ்வளவும் பேருந்து நிலையம் வருவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு நாள் ஸ்கூட்டர் பஞ்சராகி அந்த வண்டியில் ஏறியவர் ஜான் பாஷா. ஜரிகை வியாபாரி. அவருடைய ஜமாத்துக்குச் சொந்தமான முசாபர்கானா ஒன்று ஊருக்குள் இருந்தது. முன்பு பட்டு வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் தங்குவதற்காகக் கட்டிய சத்திரம். இப்போது கல்யாண விருந்துக்கும் கூட்டத்துக்கும் பயன்பட்டது. மழை வந்தால் அதற்கும் இல்லை. தேக்கு உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய மெட்ராஸ் தளம், நாலைந்து இடத்தில் ஒழுகியது.

அந்தோணி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர், ஒழுகுகிற தளத்தை உன் தங்கை சரிசெய்வாளா என்று கேட்டார்.

"ஒரு சொட்டு கீழ விழாது பாய். வுழுந்தா என்னை வந்து கேளுங்க" என்றான் அந்தோணி. தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சொன்னான்.

ஏஞ்சல் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சித்தாள் வேலைக்குப் போனவள். முதலில் எல்லாம் சிமென்ட் வேலைதான். அந்த வேலையின் அவசரம் அவளுக்கு ஒத்துவரவில்லை. கலந்துவிட்டால் ஓடவேண்டும், பூசிவிட்டால் பூசியதுதான். அவளோ தைத்த ரவிக்கையின் ஓரம் ஒரு நூல் கோணினாலும் பிரித்துத் தைக்கிறவள். அம்மா மரியம்மாள், இவளுக்குக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் சோறு ஆகிற நேரத்துக்கு விடிந்துவிடும் என்று அலுத்துக்கொள்வாள். அப்புறம் கூரம் பக்கம் ஒரு பாழடைந்த மண்டபத்தைச் சுண்ணாம்பு கொண்டு சீர்செய்கிற வேலைக்கு ஆள் கேட்டார்கள். அங்கே போன ஏஞ்சல், அரைத்த சுண்ணாம்பு ஈரத்தோடு இருக்கிற வரைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் கைக்குப் பணிவதைப் பார்த்தாள். நேற்றுச் செய்த தவறை இன்று காலையில் திருத்திக்கொள்ள விடுகிற பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதன் பிறகு அவள் சிமென்ட் பக்கம் போகவில்லை.

பழைய கட்டடங்களைச் சீர்செய்வதையே படித்த பொறியாளர் தேவிப்ரியா, சென்னையிலிருந்து வந்து அந்த மண்டப வேலையை நடத்தினாள். ஏஞ்சல் சுவரில் வைக்கிற கையைப் பார்த்து, பயிற்சி வகுப்புக்கு அனுப்பினாள். வகுப்பு முடிந்த பிறகு இருவரும் பல இடங்களில் சேர்ந்து வேலை செய்தார்கள். எந்தச் சுவரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது, எந்த உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தேவிப்ரியா சோதித்துச் சொல்வாள். ஏஞ்சல் அதற்கேற்பக் கலவையைக் கூட்டிக் குறைப்பாள். ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு வேண்டியிருந்தது. அதனால் பேச்சும் அதிகம், சண்டையும் அவ்வப்போது உண்டு.

ஆனால் அதுவரை எந்த வேலையும் ஏஞ்சலின் பெயரில் வந்ததில்லை. முசாபர்கானாதான் முதல். ஜான் பாஷா அவளை ஜமாத் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். அங்கே எதிர்த்தவர் வேறு யாரும் இல்லை, அவருடைய மகன் ரெஹான். பட்டுச்சேலைக் கடை நடத்துகிறவன். தளத்தை உடைத்துப்போட்டுவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம், தேக்கு உத்திரங்களை விற்றுவிடலாம் என்பது அவன் கட்சி.

"கூரைக்கு வெல்லம் போடுவீங்களாமே. எறும்புக்கெல்லாம் விருந்து வைக்கிறீங்களா?" என்று கேட்டான்.

"எறும்பு வரும் சார். தின்னுட்டுப் போய்டும். தளம் இருக்கும்" என்றாள் ஏஞ்சல்.

கூட்டத்தில் சிரித்தார்கள். ரெஹானும் சிரித்தான். ஆனால் விடவில்லை. உங்கள் அண்ணன் ஒரு சொட்டு விழாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அப்படியானால் தளம் அடித்து முடித்ததும் மேலே தண்ணீர் கட்டிப் பார்ப்போம், ஒரு பகல் ஒரு இரவு நிற்கட்டும், கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் கான்கிரீட்தான் என்றான். எல்லாரும் நியாயம் என்றார்கள். ஏஞ்சல் கூடத்தின் வாசலில் நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

வேலை தொடங்கியது. பெயர்ந்த காரையை எல்லாம் சுரண்டி எடுத்து, உளுத்துப்போன இரண்டு உத்திரங்களை மட்டும் மாற்றி, எல்லா உத்திரங்களின்மேலும் குறுக்கே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கினார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. அதை அப்படியே விட்டால் சோறு மாதிரி பொலபொலவென்று கிடக்கும். அடிக்கவேண்டும். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையளவு மரக்கட்டையால் தட்டித் தட்டி, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, தளம் இறுகுகிற வரைக்கும் நாள்கணக்கில் அடிக்கவேண்டும். அதற்கென்று தாமலிலிருந்து வடிவாம்பாளின் குழு வந்தது. வடிவாம்பாளுக்கு வாய் நீளம். கட்டை விழுகிற தாளத்துக்கு அப்போதைக்கு அப்போது பாட்டுக் கட்டுவாள். முதல் நாள் அந்தோணியின் தொந்தியைப் பற்றிப் பாடினாள். இரண்டாம் நாள் அவனுக்கு இன்னும் பெண் கிடைக்காததைப் பற்றிப் பாடினாள். மூன்றாம் நாள் அவன் தண்ணீர் கேனைக் கீழேயே வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

ஜான் பாஷாவின் மனைவி தாஹிரா, மாலை நேரங்களில் சுக்கு காப்பி அனுப்பிவைத்தாள். அவர்களுடைய மகள் அஞ்சுமின் கல்யாண விருந்தை இந்தக் கூரையின் கீழே நடத்தவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒழுகாமல் இருந்தால் பார்ப்போம் என்று ரெஹான் சொல்லிக்கொண்டிருந்தான்.

தளம் இறுகி, அடிகட்டை பட்டதும் தானே துள்ளி எழும்ப ஆரம்பித்தபோது அடிப்பதை நிறுத்தினார்கள். ஈரக் கோணியைப் பரப்பினார்கள். இனி அது மெல்ல ஆறவேண்டும். வெயில் படக்கூடாது, காற்று அடிக்கக்கூடாது, கோணி காயக்கூடாது. வடிவாம்பாளின் ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஏரி நிரம்பி, நடவு தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதைத் தவிர ஏஞ்சல் அந்தத் தளத்தை விட்டு அகலவில்லை. திங்கட்கிழமை காலை கோணியை விலக்கிப் பார்த்தாள். தளம் முழுக்க வழவழப்பாக, கீறல் இல்லாமல் கிடந்தது. தென்மேற்கு மூலைக்கு வந்தபோது அவளுக்குக் கை நின்றுவிட்டது. வலைபோல மெல்லிய வெடிப்புகள். சில இடங்களில் விரல் நகம் நுழைந்தது.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அந்த மூலைக்குப் போட்ட கலவை கடைசியாக வந்த சுண்ணாம்பில் கலந்தது. அதைச் சரியாக நீர் விட்டுத் தாளிக்காமல் விட்டேனோ, வெல்லம் குறைந்ததோ, அடி போதவில்லையோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தேவிப்ரியாவுக்குப் போன் போட்டாள். அவள் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லி, அதுவரை வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவைக்கச் சொன்னாள்.

ஏஞ்சல் முட்டிபோட்டு, வெடிப்பின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுக் கோடு இழுத்தாள். முடித்துவிட்டு எழுந்து பார்த்தால், சதுரமாக நின்றது கோடு. அளந்து வரைந்த மாதிரி. வெடிப்புக்கு மூலைமட்டம் ஏது? அவள் கோட்டைக் காலடியால் ஒரு தடவை அளந்து பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் எட்டிக் கீழே பார்த்தாள். கோடு போட்ட இடத்துக்கு நேர் கீழே சாமான் அறை. அந்த அறையின் நான்கு சுவர்கள் எங்கே இருக்கின்றனவோ, அங்கேதான் வெடிப்பும் நின்றிருந்தது.

அறை பூட்டியிருந்தது. சாவி ரெஹானிடம் இருந்தது. அவனைக் கூப்பிட்டுத் திறந்தபோது உள்ளிருந்து அனல் வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நடுவில் இரண்டு பெரிய கரி அடுப்புகள், சாம்பல் பூத்து, இன்னும் சூடாக இருந்தன.

ரெஹான் அடுப்பையும் பார்த்தான், ஏஞ்சலையும் பார்த்தான். அவர்கள் எதுவும் பேசுவதற்குள் ஜான் பாஷா வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிமா, நல்லா காஞ்சிடுச்சா?"

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் தறியில் பாவு ஈரம் வாங்கி நூல் ஒட்டிக்கொண்டால், நெசவு வீடுகளில் பாவின் அடியில் கரி அடுப்பு வைத்து உலர்த்துவார்கள். ஜான் பாஷா அதைப் பார்த்தே வளர்ந்தவர். சனிக்கிழமை அந்த அறையின் மேற்கூரை ஈரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். சுண்ணாம்புத் தளம் புதிதில் அப்படித்தான் இருக்கும். அவரோ, இதை மகன் பார்த்தால் ஒழுகுகிறது என்று கூட்டம் கூட்டிவிடுவானே என்று பயந்து, ஏஞ்சல் மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் அறையைத் திறந்து, சாயப்பட்டறையிலிருந்து அடுப்புகளை வரவழைத்து மூட்டிவிட்டார். ஏஞ்சலுக்கு உதவி செய்ததாகத்தான் அவருக்கு நினைப்பு.

ஏஞ்சலுக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பாய், பட்டு காயணும். சுண்ணாம்பு காயக்கூடாது, ஆறணும்" என்றாள். "கீழே இருந்து சூடு ஏத்திட்டீங்க. மேல வெடிச்சுக் கிடக்குது."

ஜான் பாஷா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ரெஹான்தான் முதலில் சிரித்தான். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தான். தந்தைக்குப் பயந்து பிள்ளைகள் சிகரெட் மறைப்பதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைக்குப் பயந்து தந்தை அடுப்பு மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். பிறகு ஏஞ்சலிடம் திரும்பி, இது உங்கள் வேலையின் குறை இல்லை, கூட்டத்தில் நானே சொல்கிறேன் என்றான். அவன் கான்கிரீட் கட்சியாக இருந்தாலும் கோணல் கணக்குக்காரன் இல்லை.

மதியம் தேவிப்ரியா வந்தாள். வெடிப்புகளைத் தட்டிப் பார்த்தாள், நீர் ஊற்றிப் பார்த்தாள். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னாள். நீர்த்த சுண்ணாம்பை வெடிப்பில் ஊற்றி நிரப்பலாம். மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடுகளைப் பதித்துவிடுவதால் வெளியே தெரியாது, தண்ணீர் சோதனையும் அநேகமாகத் தேறிவிடும். இல்லையென்றால் அந்த மூலையை மட்டும் பெயர்த்துப் புதிதாக அடிக்கவேண்டும், ஆனால் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

"நிரப்பினா எத்தினி வருசம் நிக்கும்?" என்று ஏஞ்சல் கேட்டாள்.

"சில வருஷம் நிக்கும். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது. ரெண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன் ஏஞ்சல். உன் பேர்ல நடக்கிற வேலை, நீ சொல்லு."

ஏஞ்சல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

பெயர்ப்பது எளிது. அடிக்க ஆள் வேண்டுமே. தளம் அடிப்பது கொத்தனார்களுக்கு வராது. அவர்கள் ஓங்கி அடித்து ஜல்லியைத் தூளாக்கிவிடுவார்கள். அந்தோணியும் ஏஞ்சலும் வண்டியில் தாமலுக்குப் போனார்கள். வடிவாம்பாள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, நடவு முடியாமல் ஒரு ஆளும் வராது என்று சொல்லிவிட்டாள். கூலி அதிகம் தருவதாக அந்தோணி சொன்னான். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"துட்டு வேணாம்பா. இந்த நெலத்துக்காரிக்கு நான் வாக்குக் குடுத்துக்கினு நிக்கிறேன். எனக்கு ஆள் குடு, உனக்கு ஆள் குடுக்கிறேன்."

மாற்றாள் வழக்கம் அந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. ஒரு நாள் நீ என் வேலையில் இறங்கினால் ஒரு நாள் நான் உன் வேலையில் இறங்குவேன். மறுநாள் விடிந்ததும் ஏஞ்சல் தன் கொத்தனார்களையும் சித்தாள்களையும் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்துவிட்டாள். அவள் நாற்றைக் கையில் பிடித்ததே இல்லை. மரியம்மாள் காலத்தோடு அந்த வேலை அவர்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. சுவரில் வரிசை பிடிக்கிற கண் இருந்ததால் அவளுக்கு வரிசை நேராக வந்தது, வேகம் வரவில்லை. கோணிய நாற்றைப் பிடுங்கி மறுபடி நட்டதைப் பார்த்து வடிவாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏ பொண்ணு, இதுக்குப் பூச்சு வேலை எல்லாம் கெடையாது. குத்திட்டு நகரு."

அந்தோணி இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையைக் கழற்றி, மடித்து, வண்டி இருக்கையில் வைத்துவிட்டு வரப்பில் இறங்கினான். இரண்டாவது எட்டிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அன்றைய பாட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து இறங்கியதால் இன்னும் இரண்டு மூன்று நாள் இழுக்கவேண்டிய நடவு அன்று சாயங்காலமே முடிந்தது.

அடுத்த நாள் காலையில் வடிவாம்பாளின் குழு முசாபர்கானாவின் மேல் ஏறிக் குந்தியது. சிறிய இடம், நெருக்கி உட்கார்ந்தார்கள். ஏஞ்சலும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு கூட உட்கார்ந்தாள். இம்முறை பாட்டு முழுக்கக் கரி அடுப்பைப் பற்றித்தான். கூரைக்குக் குளிர் எடுத்ததாம், பாய் அதற்குக் கணப்பு மூட்டினாராம். கீழே முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாஹிரா, கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிற்கவைத்துக் கேட்கச்செய்தாள். அவர் முதலில் நெளிந்தார். பிறகு ரசிக்க ஆரம்பித்துவிட்டார்.

கட்டை துள்ளியது. கோணி பரப்பினார்கள். அந்த அறையின் சாவிகள் இரண்டையும் இந்தத் தடவை தாஹிரா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தளம் ஆறியபின் தண்ணீர் கட்டுகிற நாள் வந்தது. மழைநீர் இறங்கும் துளைகளைக் கோணியும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். ஓரமெல்லாம் களிமண் வரப்புக் கட்டி, மோட்டார் போட்டுக் கணுக்கால் அளவு நிரப்பினார்கள். தளம் சிறிய குளம்போல வானத்தைக் காட்டியது. கீழே ரெஹான், விருந்துக்கு விரிக்கிற வெள்ளைத் துணியைச் சாமான் அறையின் தரை முழுக்க விரித்தான். ஒரு சொட்டு விழுந்தாலும் அதில் தெரியும். அன்று பகல் முழுக்க ஏஞ்சல் களிமண் வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள். அந்தோணி வழக்கத்துக்கு மாறாகப் பயணிகளிடம் எதுவும் பேசாமல் வண்டி ஓட்டினான். அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மறுநாள் காலை ஜமாத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். கூடத்தில் அண்ணாந்து பார்த்தார்கள், வராந்தாவில் அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியாகச் சாமான் அறைக்கு வந்தார்கள். மேலே செங்கல் வரிசை உலர்ந்து நின்றது. ஏஞ்சல் அதைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தாள். துணியின் ஓரத்தில், பழுப்பாக, வட்டமாக ஒரு சொட்டு.

ரெஹான் குனிந்து அதைத் தொட்டான். விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். மெல்லத் திரும்பித் தன் தந்தையைப் பார்த்தான். ஜான் பாஷா வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து தளும்பிக்கொண்டிருந்தது.

"ஏலக்கா டீ" என்றான் ரெஹான். "அப்பா, கொஞ்ச நேரம் எதையும் தொடாம நில்லுங்க."

பெரியவர்கள் உட்பட அத்தனை பேரும் சிரித்ததில் அந்த அறை அதிர்ந்தது. தாஹிரா கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ரெஹான் தரையின் துணியை மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, கான்கிரீட் பேச்சை நான் வாபஸ் வாங்குகிறேன், உத்திரங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். தேவிப்ரியா ஏஞ்சலின் தோளில் தட்டினாள். ஏஞ்சல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் மேலே போய், துளைகளை அடைத்த களிமண்ணைப் பிடுங்கினாள். தண்ணீர் தெருவில் கொட்டியது, கீழே நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தளம் மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது. புதிதாக அடித்த மூலைக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே நிறத்தில் ஒரு சிறிய வித்தியாசம் இருந்தது. அவள் அங்கே குந்தி, சேர்ந்த இடத்தை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவினாள். ஓரம் தட்டுப்படவில்லை.

பிறகு எழுந்து, கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து, தட்டோடுகளை மேலே ஏற்றச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.